எசன் சாம்பியனும் வுப்பர்டால் சாம்பியனும்

"அண்ணை, கலியாணத்துக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா ஓடிப் பாத்திட வேணுமாம், பிள்ளையள் சொல்லினம்" என்று வுப்பர்டாலில் இருந்து வருங்காலச் சம்பந்தி பரராசசிங்கம் தொலைபேசியில் சொன்னபோது, எசனில் இராசலிங்கத்தின் கையில் இருந்த தேநீர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சிந்தியது.

ஓடுவது காலால் இல்லை, காரால். அதுவும் உள்ளங்கையில் அடங்குகிற கார். எண்பதுகளில் ஜெர்மனியின் இந்தப் பக்கத்துப் பியர்க்கடைகளின் பின்னறைகளில் பெரிய பலகைப் பாதைகள் இருந்தன. பாதையில் நீளக் கோடு வெட்டி, அதற்குள் காரின் அடிமுள்ளைச் செருகி, கையில் பிடித்த விசையை அழுத்தினால் கரண்டில் கார் பறக்கும். வளைவில் அதிகம் அழுத்தினால் பாய்ந்து போய் யாருடைய பியருக்குள்ளாவது விழும். வேலை செய்ய அனுமதி கிடைக்காத அகதிப் பெடியன்களுக்கு அந்த அறைகள் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அங்கே ஹீட்டர் இருந்தது.

எசனில் இருந்த அப்படி ஒரு கிளப்பில் தானே சாம்பியன் என்று இராசலிங்கம் பல வருடமாகச் சொல்லிவருகிறார். பிறந்தநாள்களில் சொன்னார், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளில் சொன்னார், ஒருமுறை ஒரு செத்தவீட்டிலும் சொன்னார். உண்மையில் அவர் அங்கே ஒரு நாளும் விசையைத் தொட்டதில்லை. வளைவில் நின்று, பாய்ந்து விழும் கார்களைப் பொறுக்கித் திரும்பக் கோட்டில் வைப்பதுதான் அவர் பார்த்த வேலை. அதை நன்றாகவே செய்தார். ஆனால் அதை எந்த விழாவில் சொல்வது?

மகள் ஆதிரையும் பரராசசிங்கத்தின் மகன் யதுசனும் விரும்பியபிறகு இரண்டு வீடும் முதன்முதலாகச் சந்தித்த அன்று, பேச்சு எதிலும் ஒட்டவில்லை. ஊர் வேறு, பள்ளிக்கூடம் வேறு, கோயில் வேறு. வேறு வழியில்லாமல் இராசலிங்கம் தன் சாம்பியன் கதையை எடுத்துவிட்டார். பரராசசிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப நானும் சொல்லத்தான் வேணும். வுப்பர்டாலிலை நான்தான்" என்றார். இரண்டு சாம்பியன்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கலியாணம் நிச்சயமானது அப்போதுதான்.

இப்போது பொய் வெளியே வந்தால், மகளின் மாமனார் இனி ஆயுசுக்கும் தன்னை ஒரு புளுகனாகவே பார்ப்பார். அதை நினைக்க இராசலிங்கத்துக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"எங்கை அண்ணை இப்ப ஓடுறது? பாதையெல்லாம் எப்பவோ கழட்டிப்போட்டாங்கள்" என்றார்.

"உங்கடை எசன் பாதை திரும்ப வந்திட்டுது. அந்த பியர்க்கடைக்காரன்ரை மகள் நடாலி நிலவறையிலை பொருத்தி வைச்சிருக்கிறாவாம். யதுசன் என்னைக் கேக்காமலே வாற ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்திட்டான்."

அன்று பின்னேரமே இராசலிங்கத்தின் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கியது.

"மடக்க ஏலாது. விசை பிடிக்கிற விரல்" என்று மனைவி சந்திரகாந்தியிடம் காட்டினார்.

இந்த நாட்டில் எலும்பு வைத்தியரைப் பார்க்க டேர்மின் என்று முன்பதிவு எடுத்தால், மாதக்கணக்கில் காத்திருந்து போவதற்குள் வலி தானாக மாறிவிடும். அதை நம்பித்தான் விரல் வலித்தது. ஆனால் ஆதிரை தொலைபேசி எடுத்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் வரவில்லை என்று சொல்லியிருந்தார், மறுநாளே டேர்மின். வைத்தியர் விரலை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்துவிட்டு, இருபது வயதுக்காரனின் விரல் என்று பாராட்டினார்.

சந்திரகாந்திக்குச் சந்தோசம் தாங்கவில்லை. 'ஆதிரையின்ரை அப்பாவுக்கு விரல் சுகம், ஞாயிறு கட்டாயம் ஓடுவார்' என்று குடும்பக் குழுவில் எழுதினார். தமிழ்ப் பாடசாலைக் குழுவிலும் எழுதினார். அதுவரை வீட்டு விசயமாக இருந்தது விழாவாக மாறியது.

"சனம் வாறது பிரச்சினையில்லை. என்ரை கார் இல்லையே. சிவப்பு, கதவிலை வெள்ளைக் கோடு போட்டது. அது இல்லாட்டி நான் ஓடமாட்டன்" என்றார் இராசலிங்கம். அந்தக் காரை அவர் அந்த நிமிடம்தான் உண்டாக்கியிருந்தார்.

வியாழக்கிழமை யதுசன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். "மாமா, டிரெஸ்டனிலை ஒரு ஆள் பழைய கார் சேர்க்கிறவர். இது சரியோ எண்டு பாருங்கோ."

சிவப்பு. கதவில் வெள்ளைக் கோடு.

"ஓம், இதுதான்" என்றார் இராசலிங்கம். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை அவர் தனியாக நிலவறைக்குப் போனார். சூடான மோட்டாரின் வாசம் அப்படியே இருந்தது. பாதையைக் கண்டதும் அவர் தன்பாட்டில் அந்தப் பழைய வளைவில் போய் நின்றார். நடாலியிடம் ஜெர்மனில் உண்மை முழுவதையும் கொட்டினார்.

"என் பாதைக்கு மட்டும் கரண்டைக் குறைத்துவிடு. வளைவில் பாயாமல் இருந்தால் போதும். தோற்றால் வயதைச் சொல்லிச் சமாளிப்பேன். முதல் வளைவிலேயே விழுந்தால் என்ன சொல்வது?"

"குறைக்கலாம். அதற்கு ஒரு திருகு இருக்கிறது" என்றாள் நடாலி.

ஞாயிற்றுக்கிழமை நிலவறை நிறைந்திருந்தது. வடையும் ரோல்ஸும் வந்திருந்தன. வெல்பவருக்குப் போர்த்த சந்திரகாந்தி பொன்னாடை ஒன்று வாங்கியிருந்தார். ஐந்து சுற்று என்று யதுசன் அறிவித்தான். இராசலிங்கத்தின் சிவப்புக் காரும் பரராசசிங்கத்தின் நீலக் காரும் கோட்டில் நின்றன. விளக்கு பச்சையானது.

சிவப்புக் கார் ஊர்ந்தது. இராசலிங்கம் பல்லைக் கடித்து, வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்து, பெரிய வேகத்தில் போகிறவர் போல நின்றார். பிறகு பக்கத்தில் பார்த்தார். நீலக் காரும் ஊர்ந்துகொண்டிருந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது சுற்றில் விளங்கியது. மனிதர் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறார். பொம்பிளையின் அப்பாவை இத்தனை சனத்துக்கு முன்னால் தோற்கடிக்கக் கூடாது என்று நினைக்கிறார். இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இராசலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

அதற்காக மாப்பிள்ளையின் அப்பாவை முந்துவதா? முறை என்று ஒன்று இருக்கிறதே. விசையைக் கொஞ்சம் தளர்த்தினார். நீலக் காரும் உடனே தளர்ந்தது.

"என்ன இது?" என்று யதுசன் மெல்லக் கேட்டான்.

"மரியாதை" என்றாள் ஆதிரை.

கடைசிச் சுற்றில் இரண்டு கார்களும் முடிவுக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேவிட்டன.

"நீங்கள் போங்கோ அண்ணை" என்றார் பரராசசிங்கம்.

"சீச்சீ, நீங்கள் முதல் போங்கோ."

"வயசிலை மூத்தவர் நீங்கள்."

"மாப்பிளை பகுதி நீங்களெல்லோ. நான் முந்தினால் சனம் என்ன கதைக்கும்?"

வடை ஆறத் தொடங்கியது. சந்திரகாந்தி பொறுமையிழந்து பொன்னாடையை விரித்து இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினார். சனம் கைதட்டியது, பாதி பசியில்.

எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போனதும் இராசலிங்கம் நடாலியிடம் வந்து நன்றி சொன்னார். "என் சம்பந்தியைப் பார்த்தாயா? உண்மையான சாம்பியன். எனக்காக எவ்வளவு மெதுவாக ஓடினார்" என்றார்.

நடாலி வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அவரும் வளைவில் நின்று கார் பொறுக்கியவர்தானாம், நீங்கள் வந்ததற்கு முதல் நாளே வந்து தன் பாதைக்கும் கரண்டைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனாரே."