மச்சான், காட்டைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஐப்பசி, 1974

மரியாதைக்குரிய மச்சான் வேலாயுதம் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் கோதண்டபாணி கைகூப்பி எழுதிக்கொள்வது. காமாட்சி கிருபையில் இவ்விடம் என்னைத் தவிர எல்லாரும் சுகம். லோகாம்பாள் சுகம். தறியும் சுகம். அவ்விடம் தாங்களும், வீட்டாரும், குழந்தை இந்திராணியும், தங்கள் காவலில் இருக்கும் யானை, புலி, கரடி முதலானவையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பின்னால் சொன்னவை ரோட்டுக்கு வராமல் உள்ளேயே சுகமாக இருந்தால் ரொம்ப உத்தமம்.

இந்தக் கடிதம் கண்டதும் எனக்கு ஒரு பதில் போடவும். அதில் காட்டிலாகாக்காரர் எழுதுகிற கண்டிப்போடு, "முதுமலைக் காடு மூடப்பட்டிருக்கிறது, சைக்கிளில் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம்" என்று இரண்டு வரி எழுதி, கைவசம் ஏதாவது ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் குத்தி அனுப்பவும். என்ன ஏது என்று கேட்காமல் எழுதுவீர்கள் என்றால் இத்தோடு முடித்துவிடுவேன். ஆனால் தாங்கள் கேட்பீர்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் வீரபத்திரனைத் தங்களுக்குத் தெரியும், உங்கள் தங்கை கல்யாணத்தில் பந்தியில் மூன்று தரம் உட்கார்ந்தவன். அவன் எங்கேயோ ஒரு பத்திரிகையில் வெள்ளைக்காரர்கள் காட்டுக்குள் சைக்கிள் விடுகிற படத்தைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து காபி கிளப்பில் இதே பேச்சு. "நம்ம இன்னாபா கொறஞ்சி போயிட்டோம்? முதுமலையில உள்ள பூந்து, அந்தாண்ட பந்திப்பூர் நேஷனல் பார்க்குல வெளிய வர்றோம். முழுக்கச் சரளைக்கல் ரோடு. ரப்பர் டயர் கட்டுன எவனும் போவாத ரோடு" என்றான். சின்ன காஞ்சிபுரத்து டிரில் மாஸ்டர் ஸௌந்தரராஜன் ஸ்கூல் அட்லஸைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். அட்லஸில் அந்தக் காடு என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் வாயைத் திறந்துவிட்டேன். "எங்க மச்சானே அங்க ஃபாரஸ்ட் கார்டா இருக்காரு" என்று சொன்னேன். ஊரில் பெண் எடுத்தவன் சும்மா பெருமைக்குச் சொல்லுகிற வார்த்தைதானே? அடுத்த நிமிஷம் என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். முதல் சைக்கிள் என்னுடையதாம். யானைக்கு நான் தங்கள் உறவு என்று தெரிந்தால் ஒன்றும் செய்யாதாம். தாங்கள் மட்டும் தாலுகா ஆபீஸில் ஒரு உத்தியோகம் பார்த்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கவும்.

எப்போது போவது என்று பேச்சு வந்தது. வெயில் அடித்தால் நெசவுக்கான பாவு இழைகளைத் தெருவில் நீட்ட வேண்டும், அந்த வேலையை விட்டுவிட்டு எந்தத் தறிக்காரனும் நகர மாட்டான். மழை பிடித்தால்தான் எங்களுக்கு ஓய்வு. ஆகவே ஐப்பசி அடைமழை தொடங்கின அன்றே கிளம்புவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. சேறு, அட்டை, வெள்ளம், வழுக்கல் இவையெல்லாம் அந்தக் காட்டில் எந்த மாதம் அதிகமோ அந்த மாதத்தைத் தேடிப் பிடித்து நாள் குறித்திருக்கிறோம். காலையில் எழுந்ததும் நான் வானத்தைத்தான் பார்க்கிறேன். ஒரு கருமேகம் தெரிந்தாலும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

பழக வேண்டும் என்று ஐயம்பேட்டை ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான் வீரபத்திரன். அங்கே ரோடு போடுவதற்காக ஜல்லி கொட்டியிருந்தது. "தறி மிதிக்கிற காலுபா இது, பெடல் மிதிக்கிறதுக்கு இன்னா கஷ்டம்?" என்றான். தறி மிதிக்கிறவன் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறான், தறி அவனை எங்கேயும் இழுத்துக்கொண்டு போவதில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் ஜல்லிமேல் கிடந்தேன். முழங்கையில் தோல் இல்லை. மறுவாரம் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் விட்டார்கள். சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துகொண்டு, சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது, நான் மட்டும் காஞ்சிபுரம் திசையில் போய் விழுந்தேன். கழுதை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆள் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, அதைத் தூக்கிக்கினு நடங்க, சீக்கிரம் போயிடலாம்" என்றான். அன்றைக்கு முழுவதும் எனக்கு நல்ல யோசனை சொன்னவன் அவன் ஒருவன்தான்.

யானை பயம் போக வேண்டும் என்று டிரில் மாஸ்டர் வேறொரு உபாயம் செய்தார். உற்சவத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு யானை பக்கத்தில் என்னை சைக்கிளோடு நிறுத்தி, "அசையாதேயும் ஓய். அதுவே உம்மைப் பார்த்துப் பழகிடும்" என்றார். அது பாவம், தும்பிக்கையைத் தூக்கி என் தலையில் வைத்து ஆசீர்வாதம்தான் பண்ணிற்று. நான் கண்ணைத் திறந்தபோது சைக்கிள் ஒரு பக்கம், நான் பூக்காரியின் கூடையில் ஒரு பக்கம். ஆசீர்வாதத்துக்கே இப்படி என்றால் கோபத்துக்கு என்ன ஆவேன் மச்சான்? அன்று இரண்டு மணி நேரம் கூட்டம் போட்டார்கள். காட்டில் யானை எதிரே வந்தால் மணி அடிப்பதா, அடிக்காமல் நிற்பதா என்பது பிரச்சினை. மணி அடித்தால் விலகிவிடும் என்கிறான் வீரபத்திரன். மணி அடித்தால் கோபம் வரும் என்கிறார் டிரில் மாஸ்டர். கடைசியில், முன்னால் போகிறவர் இஷ்டப்படி செய்துகொள்ளலாம் என்று எனக்கு விட்டுவிட்டார்கள்.

சாக்கு சொல்லித் தப்பிக்கப் பார்த்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். "வீரபத்திரா, இன்னிக்கு என் உச்சந்தலையில பல்லி விழுந்துடுச்சிபா" என்றேன். தலையில் பல்லி விழுந்தால் கண்டம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வேறு எந்த ஊராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நான் இருப்பது காஞ்சிபுரம் என்பது எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "இதுக்கா பயந்துக்கினு இருந்த?" என்று என்னைத் தரதரவென்று வரதராஜர் கோயிலுக்கு இழுத்துப்போய், ஏணிப்படி ஏற்றி, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வைத்துக் கூட்டிவந்துவிட்டான். "இனிமே எந்தப் பல்லி எங்க வுழுந்தாலும் உனக்கு தோஷம் கெடையாது" என்று சொல்லிவிட்டான். இருந்த ஒரு சாக்கும் போயிற்று. விழாத பல்லிக்குப் பரிகாரம் செய்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே லோகாம்பாளை நம்பியிருந்தேன். புருஷன் புலிக்காட்டுக்குப் போகிறேன் என்றால் எந்தப் பெண்சாதியும் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வாள் அல்லவா? இவள் சந்தோஷப்படுகிறாள் மச்சான். "போய்ட்டு வாங்க. எங்கண்ணன் இளைச்சிருக்குதான்னு பாத்துக்கினு வாங்க. ஊட்டுக் கூரை ஒழுவுதான்னு பாருங்க" என்கிறாள். மிச்சப் பாவில் அவளே உட்கார்ந்து இந்திராணிக்கு ஒரு பட்டுப் பாவாடை நெய்து வைத்திருக்கிறாள், அரக்கு உடம்பு, மாம்பழ பார்டர். முன்னால் ஒன்று நெய்தாள், மலை பஸ் வளைவில் எனக்குத் தலை சுற்றும் என்பதால் நாங்கள் வர முடியாமலே குழந்தை வளர்ந்துவிட்டது, அதை எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள், இது இரண்டாவது. அத்தை கையால் போட வேண்டிய வெள்ளிக் காப்பும் அதோடு சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டக் கொடுத்திருக்கிறாள். "நீங்க வுழுந்தா தண்ணி பூராதபடி கட்டியிருக்குது" என்கிறாள். பாவாடை நனையக் கூடாது என்பதில் இருக்கிற கவலை என்மேல் இல்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தறியில் உட்கார்ந்தால் இழை எண்ண முடியவில்லை. ஆகையால் அந்த இரண்டு வரியைத் தாமதிக்காமல் எழுதி, இந்த ஏழையின் உயிரைக் காப்பாற்றவும். காட்டை நிஜமாகவே மூட முடிந்தால் இன்னும் சிலாக்கியம். வீட்டாருக்கு என் வணக்கம். குழந்தைக்கு அத்தை, மாமா இருவருடைய ஆசீர்வாதமும் தூரத்திலிருந்தே உண்டு.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலிலேயே நின்று எதிர்பார்க்கும்,
கோதண்டபாணி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் போட எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே மழை பிடித்துவிட்டது. மூன்று நாளாக விடவில்லை. பைரவரை நினைத்துக்கொண்டு வீரபத்திரன் கடைக்குப் போனேன். கடை ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். "இந்த மழையிலயாபா போவ முடியும்?" என்கிறான். மழை வந்தால் போவோம் என்று சொன்னவனே அவன்தான். டிரில் மாஸ்டருக்கு ஜலதோஷமாம். வீரபத்திரன் அதோடு நிற்காமல், "எம்மேல நெஜமாவே ஒரு பல்லி வுழுந்துச்சிபா" என்றான். வா, கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. பிழைத்தேன் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன்.

லோகாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேரியரிலிருந்து மூட்டையை அவிழ்த்தாள். பாவாடையை எடுத்து, இடுப்புப் பக்கம் பிடித்து, தன் கையால் சாண் போட்டுப் பார்த்தாள். "அடுத்த வருசத்துக்கு இதுவும் பத்தாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் வெகுநேரம் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மச்சான், காட்டை மூட வேண்டாம். பதிலும் ஸ்டாம்பும் வேண்டாம். வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கிளம்புகிறோம். கூடலூர் வரைக்கும் பஸ், தலை சுற்றுவதற்கு எலுமிச்சம்பழம் வாங்கியாயிற்று. அங்கிருந்து தங்கள் வீட்டுக்குப் பஸ் வராது, சரளைக்கல் ரோடுதான் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்காக வீரபத்திரனிடம் வாங்கிய சைக்கிளைப் பஸ் கூரைமேல் போட்டுக்கொண்டு வருகிறோம். நான் மிதிப்பேன், தங்கள் தங்கை கேரியரில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். என் பயம் கொஞ்சமும் குறையவில்லை, அதையும் சேர்த்துத்தான் மிதிக்க வேண்டும். தாங்கள் ஒரு உபகாரம் மட்டும் செய்யவும். யானை எதிரே வந்தால் மணி அடிப்பதா, வேண்டாமா என்பதை ஒரு தந்தி கொடுத்துவிடவும்.