கை கழுவச் சொன்னவன்

வீட்டில் யாராவது சுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். என் மனைவி செல்வி பழைய கதையை எடுப்பதற்குள் தப்பிக்க வேண்டும். தப்பித்தும் பயனில்லை, அவள் குரல் அங்கேயும் கேட்கும் (போலீஸ்காரி ஆயிற்றே).

எங்களுக்கு மேலகரம். மகள் யாழினிக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. செல்விக்கு அருவியில் பந்தோபஸ்து. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்த நான் பிள்ளைக்குப் பொறுப்பானேன். செல்போன் வீடியோக்களின் தயவில் மூன்றே நாளில் பாதி டாக்டராகவும் ஆனேன்.

பக்கத்து வீட்டுச் சுடலை அண்ணாச்சி அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். மத்தியானம் சாப்பிட வந்ததும் யாழினியைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் பிசையும் பருப்புச் சோற்றில் இவளுக்கும் இரண்டு வாய் போகும். இரண்டு வாய்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் பிள்ளைக்கு வயிற்றால் போனது. பாதி டாக்டர் உடனே துப்புத் துலக்கி, அண்ணாச்சியின் கைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். மறுநாள் அவர் கையை நீட்டியபோது, "எண்ணெய்க் கையோட பிள்ளையத் தூக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அவர் நீட்டிய கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சரி தம்பி" என்று போய்விட்டார்.

அதோடு நின்றேனா? வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, மேலே ஓர் அட்டை: 'கை கழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள்'. தெரு அதைப் படித்துவிட்டு எங்களையே கை கழுவிவிட்டது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினாள். வெந்நீரில் போட்டெடுத்த கிண்ணத்தில் சத்துமாவுக் கஞ்சியோடு நான் உட்கார்ந்தால், வாயை இறுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டையே பார்ப்பாள். பத்து நாள் கழித்து அங்கன்வாடியில் எடை போட்டார்கள். போன மாதத்தைவிடக் குறைவு.

"வீட்டுல என்ன சார் சாப்பிடுதா?" என்று டீச்சர் கேட்டார். கிண்ணத்தை எத்தனை நிமிடம் கொதிக்கவைக்கிறேன் என்று விளக்கினேன்.

"கிண்ணத்தக் கேக்கல சார். பிள்ளயக் கேக்கேன்."

யாழினியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா என் வாளிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பத்து நாள் யாரும் தொடாத தண்ணீர், சாரல் வேறு விழுந்திருந்தது.

"இங்கன பாருங்க, அம்புட்டும் கொசுப்புழு. இது யாரு வாளி?" என்றவர் நிமிர்ந்து, அட்டையை உரக்கப் படித்தார். தெருவே சிரித்தது. "டெங்கு வந்தா மொதல்ல உங்க பிள்ளைக்குத்தான் சார். ஓரமெல்லாம் நல்லாத் தேச்சுக் கழுவுங்க" என்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து தேய்த்தேன்.

சிரிக்காமல் நின்றவர் அண்ணாச்சி மட்டும்தான். அதுதான் தாங்கமுடியவில்லை. பிள்ளை அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் அசையவில்லை.

"தூக்குங்க அண்ணாச்சி."

"எண்ணெய்க் கையாச்சே தம்பி." குரலில் கோபமே இல்லை. "ஒவ்வொரு ஆளுக்கும் தேச்சு முடிச்சதும் சோப்புப் போட்டுத்தான் கழுவுதேன். இல்லன்னா சைக்கிள் ஹேண்டிலக்கூடப் பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்து இன்னொரு தடவ. அன்னைக்கும் கழுவிட்டுத்தான் கைய நீட்டுனேன்."

வயிற்றால் போன அன்று காலையில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியது யார் என்று அப்போதுதான் யோசித்தேன். மிக்சர் தின்றுகொண்டே கீபோர்டு தட்டிய அதே கையால் ஊட்டியிருந்தேன்.

"நான்தான் கழுவல அண்ணாச்சி" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். அன்று அவள் சாப்பிட்டதை வேலியோரம் நின்று பார்த்தேன். நான் இரண்டு வாய் என்று நினைத்தது ஒரு கிண்ணம் சோறு. சாயங்காலம் விஷயம் தெரிந்து செல்வி, "நான் அங்க ஆயிரம் பேர வரிசையில நிறுத்துதேன். நீங்க இருக்கிற ஒரு தெருவையும் விரட்டிட்டீங்க" என்றாள்.

யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு. தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இலை போடுமுன், "சார், கையக் காட்டுங்க" என்பார்கள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

அண்ணாச்சி மட்டும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. யாழினியின் தலையைத் தொடுமுன், தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.