இறகுப் பூச்சியும் எட்டுச் சாறனும்

இனிமேல் வலையும் வேண்டாம், புழுவும் வேண்டாம், ஓர் இறகைக் காட்டியே மீன் பிடிப்பேன் என்று மருதமுனைத் தேநீர்க்கடையில் ஸைனுலாப்தீன் பிரகடனம் செய்தார். பிரகடனம் அவருக்குப் புதிதல்ல. நெசவாளர் சங்கத்துக்காக முப்பது வருடம் பிரகடனம் செய்தவர். இரண்டு தடவை உள்ளே இருந்துவிட்டு வந்தவர். யாருக்காக உள்ளே போனாரோ, அவர்கள் இப்போது வீதியில் கண்டால் தாடையை அரை அங்குலம் அசைப்பார்கள். அதையும் அவர் ஸலாம் என்றே எடுத்துக்கொள்வார்.

பொத்துவிலில் விடுதியொன்றில் வேலை செய்யும் மருமகன் ஹாதிக் கொடுத்த தூண்டில் தடிதான் இதற்குக் காரணம். ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போனது. ஒல்லித் தடி, தடித்த நூல், நூல் நுனியில் இறகால் கட்டிய பொய்ப் பூச்சி. ஒரு மாதமாக அதைப் பற்றித் தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஸைனுலாப்தீனின் கண்ணே நீர்நிலையாகியிருந்தது.

"மீன் தின்ன அதுக்குள்ள என்னதான் இரிக்கி?" என்று கேட்டார் சீனிமுகம்மது.

"ஒண்டுமில்ல. தேர்தல் விஞ்ஞாபனம் மாதிரி. வெளியில இறகு, உள்ளுக்கு முள்ளு."

கடை சிரித்தது. சீனிமுகம்மது சிரிக்கவில்லை. அவர் இடுப்பில் கட்டும் சாறன் விற்கும் கடைக்காரர். கடையின் பெயர்ப் பலகையில் கைத்தறி, உள்ளே அலுமாரியில் மில் துணி. ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த சங்கப் பொதுக்கூட்டத்துக்காக ஸைனுலாப்தீன் பதினாறு பக்கத்தில் உரை எழுதி வைத்திருந்தார். பதினாறும் சீனிமுகம்மதுவைப் பற்றியே. அவர் கடைக்கோ வீட்டுக்கோ இந்த ஊரில் எவரும் ஒரு முழம் துணி நெய்யக்கூடாது. நெய்பவர் பெயரைச் சங்கச் சுவரில் எழுதி ஒட்டவேண்டும். இதுதான் முதல் தீர்மானம்.

"வெள்ளிக்கிழமை கிட்டங்கி வாவியில ஒரு விரால் பிடிச்சிக் காட்டுங்க," என்றார் சீனிமுகம்மது. "பிடிச்சா உங்கட கதை முடியுமட்டும் முன்வரிசையில வாய் பொத்திக் கேப்பன். பிடிக்காட்டி ஞாயிறு நீங்க வாய் திறக்கப்படாது."

"பந்தயம் ஹறாம்."

"இது பந்தயமில்ல, வாக்கு."

ஸைனுலாப்தீனை வாய் திறக்காதே என்று சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பூச்சி கட்டத் தொடங்கினார். சேவலின் கழுத்திறகு, குர்பான் கொடுத்த ஆட்டின் வால்மயிர், மனைவி ஜுனைதாவின் தறியடியில் கிடந்த சரிகைத் துண்டு. முள்ளை மேசை விளிம்பில் இறுக்கி, வாலுக்கு மயிர், உடம்புக்குச் சரிகை, கழுத்துக்கு இறகு என்று நூலால் சுற்றினார். பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கோப்பைத் தண்ணீரில் போட்டார். நூல் கழன்று, இறகு ஒரு பக்கம், மயிர் ஒரு பக்கம் போயிற்று. அவர் வாழ்நாளில் கட்டிய ஐக்கிய முன்னணிகள் எல்லாம் அப்படித்தான் போயின.

தோளுக்கு எண்ணெய் தேய்த்தபடி ஜுனைதா எட்டிப் பார்த்தாள். தோள் பிடித்து நாலு நாளாக அவளுக்குத் தறியில் இருக்க முடியவில்லை.

"நூல் தளம்பலா இரிக்கி."

"நீ எந்தக் காலத்துல புள்ள மீன் பிடிச்ச?"

"மீன் தெரியாது. நூல் தெரியும். ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தைக் கடிச்சிக்கொண்டு கிடக்கணும். கொண்டாங்க."

கட்டினாள். முடிச்சு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டுப் பசை வைத்துக் கோப்பையில் போட்டாள். பூச்சி அசையாமல் மிதந்தது.

பிறகு முற்றத்தில் வீச்சுப் பயிற்சி. முதல் வீச்சில் முருங்கை மாட்டியது. இரண்டாவதில் உடுப்புக்கொடி. மூன்றாவதில் அவருடைய தொப்பியே. ஜுனைதா தொலைபேசியை வாங்கி வீடியோவைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, அவன் பின்னால எறிஞ்சிட்டுப் பொறுக்கிறான். நீங்க பொறுக்கிறீங்க இல்ல."

"பொறுத்தா நூல் விழுந்திரும்."

"விழாது. பின்னால நூல் நீண்டு முடியுமட்டும் நிக்கணும். தறியிலயும் அப்படித்தானே? கயித்தை இழுத்தா நூலைக் கொண்டோடுற ஓடம் அங்கால போய்ச் சேருமட்டும் பொறுக்கணும். அவசரப்பட்டா நூல் அறும். நாலு நாள் தறியில இரிந்தீங்கெண்டா கை தன்னால படிஞ்சிரும்."

"சங்கத் தலைவர் தறியில இரிந்தா ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"கதவைச் சாத்துவம்."

கதவு சாத்தப்பட்டது. முப்பது வருடம் நெசவாளருக்காகப் பேசியவருக்கு எந்தக் காலால் எந்த மிதியை அழுத்துவது என்று தெரியவில்லை. முதல் நாள் ஓடம் மூன்று தடவை கீழே விழுந்தது. அறுந்த நூலையெல்லாம் ஜுனைதா முடிச்சுப் போட்டுச் சேர்த்தாள்.

இரண்டாம் நாள் ஏதோ நடந்தது. இழு, பொறு, தட்டு. இழு, பொறு, தட்டு. அந்தச் சத்தத்துக்குள் அவர் மெல்ல இறங்கிப் போனார். தறியில் நீள ஓடிய பாவு நூல் கரும்பச்சை, கிட்டங்கித் தண்ணீரின் நிறம். நடுவில் ஓடிய வெள்ளைக் கோடுகள் தாமரைத் தண்டுகள். ஓடம் விராலாகி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்வந்தது. பள்ளிவாசலின் அஸர் பாங்கு தண்ணீருக்கு மேலால் மிதந்து வருவதுபோல் கேட்டது. அரைக்கண் மூடியபடி அவர் வீசினார், பொறுத்தார், வீசினார். பாதத்துக்குக் கீழே சேறு குளிர்ந்தது. முழம் முழமாகத் துணி வளர்ந்தது.

"ஆருக்குப் புள்ள இது?" என்று ஒரு தடவை கேட்டார், கனவிலிருந்து கேட்பதுபோல.

"ஒரு கலியாண வீட்டு ஓடர். எட்டுச் சாறன்."

எந்தக் கலியாண வீடு என்று கேட்கவில்லை. மனைவி நெய்த துணி யார் இடுப்புக்குப் போகிறது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. உழைப்பாளர் தலைவருக்கு எத்தனையோ யோசனை.

இரண்டு சாறன் முடிந்ததும் எழுந்தார். "கை படிஞ்சிட்டுது. போதும்."

"படிஞ்சது காத்தில்லாத நாளுக்கு," என்றாள் ஜுனைதா. "பாலத்தடியில கடல்காத்து அடிக்கும். காத்துக்கு எதிரா வீசணுமெண்டா இன்னும் ஆறு சாறனாவது வேணும்."

நியாயமாகத்தான் பட்டது. மறுபடி உட்கார்ந்தார்.

வெள்ளி காலை கிட்டங்கிப் பாலத்தடிக்குச் சீனிமுகம்மது நாலு சாட்சியோடு வந்திருந்தார். தண்ணீரில் இன்னும் பனி கலையவில்லை. ஸைனுலாப்தீன் தடியை உயர்த்தினார். நூல் பின்னால் போய் நீண்டது. பொறுத்தார். சாட்சிகளும் மூச்சைப் பிடித்துப் பொறுத்தார்கள். பிறகு நூல் முன்னால் போய், தாமரை இலைகளுக்கு நடுவே, நித்திரையில் விழும் பெருமூச்சுப் போலப் பூச்சியை இறக்கி வைத்தது. அவர் நூலைச் சின்னச் சின்னதாக இழுத்தார். பூச்சி உயிர் வந்து துடித்தது. தண்ணீர் உடைந்தது. முழங்கை நீள விரால்!

"அல்லாஹு அக்பர்!" என்றார் சாட்சி ஒருவர்.

"வாக்கு வாக்குத்தான்," என்றார் சீனிமுகம்மது. "ஞாயிறு முன்வரிசையில இரிப்பன்."

தோற்றவருக்கு முகம் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஸைனுலாப்தீன் யோசிக்கவில்லை. விராலைச் சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டு ஊரையே ஒரு சுற்றுச் சுற்றினார்.

சனிக்கிழமை சீனிமுகம்மது வீட்டில் மகளின் கலியாணம். இவர் போகவில்லை, கொள்கை.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. பதினாறு பக்கத்தோடு மேடையேறினார். தொண்டையைச் செருமினார். "இந்த ஊரில் அந்தக் கடைக்காரர் வீட்டுக்குத் துணி நெய்து கொடுக்கும் ஒரு கை இருக்குமானால்..." என்று விரலை நீட்டி முன்வரிசையைப் பார்த்தார்.

சீனிமுகம்மது இருந்தார். பக்கத்தில் புதுமாப்பிள்ளை. அதற்கடுத்துச் சகோதரர்கள், மருமக்கள். எட்டுப் பேர். எட்டுப் பேர் இடுப்பிலும் கரும்பச்சைச் சாறன், வெள்ளைக் கோடு. கிட்டங்கி வாவியே கால்மேல் கால் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

நீட்டிய விரல் மெல்ல மடங்கியது. பக்கங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஜுனைதா ஒரு கிளாஸ் தண்ணீருடன் மேடைக்கு வந்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"கைத்தறிக்காரன்ட ஊர்ல மில் சாறனோட கலியாணம் செய்யாதீங்க எண்டு நான்தான் அவரிட்டச் சொல்லி ஓடர் எடுத்த. என்ட பேர் சுவர்ல வந்தாலும் பரவாயில்ல. ஆனா நான் தறியில இருக்கவேயில்லயே. நெய்தது ஆரெண்டு இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப சொல்லவா?"

"வேணாம் புள்ள."

"அப்ப கதைங்க. எல்லாரும் பாத்துக்கொண்டு இரிக்காங்க."

முன்வரிசையில் சீனிமுகம்மது, கொடுத்த வாக்கின்படி, வாயைப் பொத்திக் காத்திருந்தார்.

ஸைனுலாப்தீன் தண்ணீரைக் குடித்தார், பதினாறு பக்கத்தையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், இறகுப் பூச்சி கட்டுவது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசினார்.