செத்தவன் கட்டியிருந்த வாட்ச்

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கேவலமான திறமை உண்டு. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன், எந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பேன். இந்தத் திறமையால் என் கல்யாணப் பத்திரிகையே அச்சாகாமல் போக இருந்தது.

செஞ்சி பஜாரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. பழைய பித்தளையைப் போட்டுவிட்டுப் புது எவர்சில்வர் வாங்கிப் போவார்கள். அப்படி ஒருநாள் வந்த ஓட்டை அண்டாவுக்குள் நாலு வீடியோ கேசட்டுகள் கிடந்தன. (எடை கூடட்டும் என்று போட்டார்களோ என்னவோ.) மூன்றில் பூசணம். நாலாவதில் ‘ராஜகிரி ரத்தம்’ என்று ஒரு ராஜா காலத்துப் படம். அதற்கும் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் எங்கள் கோட்டையிலேயே எடுத்து, எங்கேயும் ஒரு வாரம் தாண்டாமல், செஞ்சிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போன படம். விழுப்புரத்தில் ஒருவரிடம் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கிவந்தேன்.

படம் பொக்கிஷம். ராஜா சபதம் எடுக்கும்போது பின்னால் கரண்ட் கம்பம் நிற்கிறது. ராணி அழும்போது ஒரு குரங்கு வந்து பூஜைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போகிறது; ராணி அழுகையை நிறுத்தாமல் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, போர்க்களத்தில் செத்துக்கிடக்கும் ஒரு வீரன். தளபதி கண்ணீர்விட்டு வசனம் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் கிடக்கும் இவன் ஒற்றைக் கண்ணைத் திறக்கிறான். இடது கையைத் தூக்கி வாட்சில் மணி பார்க்கிறான். பிறகு மறுபடியும் சாகிறான்.

மறந்துபோன படங்களின் ஓட்டைகளைக் காட்டி வீடியோ போடுவது அப்போது என் பொழுதுபோக்கு. செத்தவன் வாட்சைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக மூன்று தடவை ஓட்டி, என் சொந்தக் குரலில் விளக்கமும் கொடுத்து வெளியிட்டேன். பஜாரே பார்த்துச் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் அனந்தபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். அது ஆறாவது வீடு. முன்னே பார்த்த ஐந்தும், மாப்பிள்ளை நொட்டை சொல்லுகிறான் என்று தட்டிப்போயிருந்தன. பெண்ணின் அப்பா தனபாலுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, அதிகம் பேச்சில்லை. பெண் கவிதா காபியை என் கையில் கொடுத்துவிட்டு, “சக்கர கம்மியா இருந்தா சொல்லிடுங்க. மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கினு குடிக்காதீங்க” என்றாள். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வீடு தட்டிப்போகக் கூடாது என்று மனசுக்குள் கோட்டையிலிருக்கிற அத்தனை சாமியையும் கும்பிட்டேன்.

என் நைனாவுக்கும் இடம் பிடித்துப்போய், பிள்ளையின் பெருமையை எடுத்துவிட ஆரம்பித்தார். “பையன் கடையில சும்மா குந்திக்கினு இல்லீங்க. சினிமா ஆராய்ச்சி பண்றான். டேய், அந்தச் செத்தவன் வீடியோவப் போட்டுக் காட்டு.”

போனில் காட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அவர்கள் வீட்டு டிவியில் இணைத்துப் பெரிசாகப் போட்டேன். “நேயர்களே, இவர் எப்போதடா சோறு போடுவார்கள் என்று பார்க்கிறார். இந்த மூஞ்சியை யார் நடிக்கக் கூப்பிட்டது?” என்றது என் குரல். நான் மட்டும் சிரித்தேன்.

கவிதாவின் அம்மா டிவிக்குக் கிட்டே போய் நின்றார். “இது எங்க நைனா கல்யாணத்துக்குப் போட்ட வாட்சு ஆச்சே.” பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாங்க, ஹீரோகூட கத்திச்சண்ட போட்டேன்னு சொன்னீங்க. இதுல படுத்துக்கினு இருக்கீங்க?”

“சண்டதான் மொதல்ல. சாவு அப்புறம்” என்றார் தனபால்.

அந்த இடத்தில் எந்த மடையனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் திறந்தேன். “இல்லீங்க, படத்துல அப்படி ஒரு சண்டையே வரல. நான் முழுசா பாத்துட்டேன்.”

நைனா என் காலை மிதித்தார். மிதிப்பதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

“முழுசா பாத்தியா?” தனபால் எழுந்துகொண்டார். “அப்போ நான் முப்பத்தஞ்சு வருஷமா பொய் சொல்லிக்கினு இருக்கேன். பொய் சொல்றவன் ஊட்டுப் பொண்ணு உனக்கு எதுக்கு தம்பி? கெளம்புங்க.”

பஸ் ஏறிச் செஞ்சிக்குத் திரும்பினோம். இறங்கும்போது நைனா சொன்னார்: “அஞ்சு ஊட்ல பொண்ணத்தான் நொட்ட சொன்ன. இங்க பொண்ண வுட்டுட்டு மாமனாரப் புடிச்சிக்கினயே.”

நான் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. சண்டைக் காட்சிகளைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிட்டிருந்தேன். மறுநாளிலிருந்து மத்தியானங்களில் கடைக் குடோனில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு சண்டையையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எத்தனையோ பேர் வெட்டுப்பட்டார்கள். யாரும் தனபால் இல்லை. சண்டை இல்லாவிட்டால் கவிதா இல்லை என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

மூன்றாம் நாள் கிடைத்தது. கோட்டைப் படிக்கட்டில் ஹீரோவை ஆறு பேர் சூழ்கிறார்கள். நாலாவது ஆள் இரண்டு வீச்சு வீசி, ஒரு உதை வாங்கி உருளுகிறான். முகம் தெரியவில்லை, முதுகுதான். ஆனால் கேடயம் பிடித்த இடது கையில் அதே வாட்ச் பளிச்சென்று மின்னியது. நான் ஊரைக் கூட்டிச் சிரித்த அந்தத் தப்பு மட்டும் இல்லாவிட்டால், அந்த முதுகு யாருடையது என்று ஒருத்தராலும் சொல்லியிருக்க முடியாது.

வீடியோவை அழித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தனியாக மண்டிக்குப் போனேன். முதலில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு போனை நீட்டினேன். அவர் மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து ஏழு தடவை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மண்டியிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு எட்டாவது தடவை பார்த்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை. “சாவும்போது எதுக்குங்க மணி பாத்தீங்க?”

“ஆறேகால் பஸ்ஸ வுட்டா ஊருக்கு வேற பஸ் கெடையாது. எனக்குக் கல்யாணம் ஆயி அப்போ இருவது நாளு.” போனை என்னிடம் கொடுத்தார். “உனக்கும் ஆவட்டும், அப்போ தெரியும். நைனாவ வெள்ளிக்கெழம வரச்சொல்லு.”

தாலி கட்டி முடித்ததும் மாமனார் அந்த வாட்சை என் கையில் கட்டிவிட்டார். “இது ஓடலீங்களே” என்றேன். (மேடையிலேயே.)

“முழுசா பாத்தீங்களா?” என்றாள் கவிதா. அவள் மனைவியாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்றுவரை வீட்டில் நான் எதற்கு வாயைத் திறந்தாலும் அதே கேள்விதான் வரும். நேற்று ரசத்தில் உப்பு கம்மி என்று ஆரம்பித்தேன். என் ஆறு வயது மகள் டம்ளரை எட்டிப் பார்த்தாள்.

“முழுசா குடிச்சியா நைனா?”

குடித்தேன். உப்பு கம்மிதான். சொல்லவில்லை.