ஒட்டுப் போட்ட முழங்கால்

ஸ்பீக்கர் மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். பாட்டுக்காரி வாய் நிறைய மணலை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் கரகரத்தாள்.

ஸ்பீக்கருக்குள் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணி இற்றுப்போயிருந்தது. பிடிமானம் போன காயில் காந்தத்தில் உரசியது. மாற்றுத் துணி கைவசம் இல்லை.

"நாலு மணிக்கு அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்," என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "முட்டி ஆபரேஷனுக்கு இன்னிக்குத்தான் தேதி குறிக்கிறார்."

"எனக்குத் தெரியாதா?"

"போன தடவை மாதிரி சொதப்பினீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் கை சும்மா இருக்குமா? அவள் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிக் காயிலைத் தொங்கவிட்டார். உரசல் நின்றது. பாட்டுக்காரிக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

நூல் ரொம்ப விறைப்பு. கொடியில் காய்ந்த தன் அரைக்கால் சட்டையின் எலாஸ்டிக்கை உருவிக் கட்டினார். காயில் ஊஞ்சலாடியது. பாட்டுக்காரி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே புரியவில்லை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கப் போட்டுக்கொள்ள மனைவி இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையின் காலரை வெட்டி, மடித்து, வட்டமாக ஒட்டினார். பசை காயும்வரை காயில் நகராமலிருக்க, சுற்றியுள்ள இடுக்கில் மெல்லிய பட்டைகளைச் செருக வேண்டும். அதற்குப் பழைய எக்ஸ்ரே படம்தான் தோது. மேஜையிலேயே ஒன்று கிடந்தது. பட்டை பட்டையாக நறுக்கினார்.

பசை காய்ந்தது. பட்டைகளை உருவிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். தேன்!

"அப்பாவோட எக்ஸ்ரேவை எடுத்துக்கிட்டீங்களா?"

மெக்கானிக் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். அதில் மாமனாரின் பாதி முட்டி இருந்தது.

"எ... எடுத்துக்கிட்டேனே!"

பட்டைகளை வரிசையாக வைத்து டேப் போட்டு ஒட்டிக் கவருக்குள் தள்ளினார். சட்டையில் காலர் இல்லாததைத் துண்டால் மறைத்துக்கொண்டார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாரோட கால்?"

"மாமாவோடதுதான் டாக்டர்."

"முட்டி தொடைக்கு மேல இருக்கு. பாதத்தைக் காணோம், சரி. இந்தப் பக்கம் இன்னொரு முட்டி இருக்கே?"

மெக்கானிக் கழுத்துத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இதை வெச்சுக்கிட்டு நான் எங்கே கத்தி வைக்கிறது? நாளைக்கு வெளிநாடு கிளம்பறேன். ஆறு மாசம் கழிச்சுப் புதுப் படத்தோட வாங்க."

ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்தில் நின்ற மாமனாரின் வயதான காலை நினைத்தால் பாவமாக இருந்தது. வீட்டை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க மாமா. படத்தை நறுக்கினது நான்தான். உங்க ஆபரேஷனைக் கெடுத்துட்டேன்."

மாமனார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"அழாதீங்க மாப்ளே. நீங்க கத்திரிக்கோலும் கையுமா உட்கார்ந்ததைப் பார்த்துத்தானே, அந்தப் படத்தைக் கொண்டாந்து மேஜையில வெச்சேன்!"