பட்ஜிக்கு முடி இறக்கிய விவரம்

வரதோலி, பா, பிஜி
19 நவம்பர் 2000

பிரிஸ்பேன் குளிரில் இரண்டு கம்பளிக்குள் ஒளிந்திருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கும் என் அருமை மச்சான் தேவேந்திராவுக்கு, உன் அக்காளைக் கட்டி இருபத்தெட்டு வருஷமாகத் தாக்குப்பிடித்து நிற்கும் பாலசுப்பிரமணி எழுதுவது. இங்கே நானும் ஜான்கியும் மாரியம்மன் தயவில் சுகம். அங்கே நீயும், உன் சம்சாரம் சுமித்ராவும், என் மருமகள் வினீதாவும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன கடிதத்தோடு அனுப்பினேனே ஒரு பட்ஜிக் கிளிக் குஞ்சின் போட்டோ, அது உங்கள் குஞ்சு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்பல்சாமியின் குஞ்சு. அரைமணி நேரத்துக்கு இரவல் வாங்கி, உங்கள் கூண்டில் உட்காரவைத்துப் பிடித்தேன். அதை வினீதா பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள் என்று நீ டெலிபோனில் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கைதான் குறைந்தது, ஆனாலும் குறைந்தது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்பாய். சங்கப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ்வரை நாம் வாங்கிய அடி வீணாகக் கூடாது என்பது ஒன்று. வினீதாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது இன்னொன்று. நீ முழுக்கப் படித்துவிட்டு, அவளிடம் பக்குவமாகச் சொல்லு.

மே மாதம் சுவாவில் இந்தியன் பிரதமராக இருக்கக் கூடாதென்று துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்களே, அன்றிலிருந்து நம் ரோட்டில் மாதத்துக்கு ஒரு வீடு காலி. பெட்டியெல்லாம் கட்டியானதும் கடைசியாக ஒரு கூண்டு மிஞ்சும். ஆஸ்திரேலியாக்காரன் ஒரு மாங்காய் ஊறுகாயையே உள்ளே விடமாட்டான், உயிரோடு இருக்கிற கிளியையா விடுவான்? உடனே எல்லோரும் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சுமித்ரா என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணே, போய் ஒரு எடம் புடிச்சதும் ஏற்பாடு பண்றோம்." எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இப்போது என் முன்வராந்தாவில் ஏழு கூண்டு, பத்தொன்பது பட்ஜி. பேரெல்லாம் யார் நினைவு வைப்பது? சொந்தக்காரர்கள் போன ஊரையே பேராக வைத்துவிட்டோம். ஆக்லண்ட் ஜோடி, வான்கூவர் ஜோடி, சிட்னி கிழவன். உன்னுடையது பிரிஸ்பேன் ஜோடி. ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் ஊராக டெலிபோன் வரும். ஜான்கி ரிசீவரைக் கூண்டுக்குக் கூண்டு தூக்கிக்கொண்டு போவாள். என்னை ஒருத்தரும் விசாரிப்பதில்லை.

உங்கள் ஜோடி ஆகஸ்ட் கடைசியில் நாலு குஞ்சு பொரித்தது என்று எழுதியிருந்தேன், அது நிஜம். மூன்று குஞ்சு ஒழுங்காக வளர்ந்து பறக்கப் பழகிவிட்டது. நாலாவதுக்கு இறகு வளர ஆரம்பித்தது, பிறகு நிற்கவேயில்லை. மற்றதெல்லாம் ஒரு அளவுக்கு வந்ததும் போதும் என்று விட்டுவிட, இது மட்டும் நீண்டு, சுருண்டு, கண்ணை மூடி, காலை மூடி, கடைசியில் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமல் ஆகிவிட்டது. தினையை நீட்டினால் எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதுதான் வாய். பறக்க முடியாது. கீச்சென்று கத்தாது, பூனைக்குட்டி மாதிரி முனகும். ஆனால் தீனி மட்டும் மூன்று பட்ஜிக்கு உண்டானதைத் தின்னும். சடையைப் பார்த்து நான் சாமியார் என்று பேர் வைத்தேன். வேறொன்றுக்கும் அசையாது, சாப்பாட்டுக்கு மட்டும் அசையும், அதனால் பேர் பொருத்தம்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அப்பல்சாமி வந்து பார்க்கும்வரை. பார்த்த உடனே இரண்டு அடி பின்னால் போனான்.

"பாய், ஈ பீமாரி ஹை," என்றான். வியாதியாம். "ஒட்டுற வியாதி. இதுக்கு வந்துச்சுன்னா உன் கூண்டு பூரா போவும், அப்புறம் வேலி தாண்டி எனக்கு வரும். கழுத்தத் திருவிப் பொதைச்சிடு."

"போட்டோவுக்கு இரவல் கொடுத்தியே, அன்னிக்கு ஒட்டலியா?"

"அன்னிக்கு நீ இத எனக்குக் காட்டுனியா? வர்ற சனிக்கிழமைவரைக்கும் பாப்பேன். இல்லன்னா அக்ரிகல்சர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லுவேன். அவங்க வந்தா ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டுப் போமாட்டாங்க, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போவாங்க."

அன்றைக்கு எல்லாக் கூண்டையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன் மச்சான். பத்தொன்பதும் போய்விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிசீவரை எந்தக் கூண்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன்? நானே கீச்சுக் கீச்சென்று கத்தலாமா என்றுகூட யோசித்தேன். வான்கூவர் ஏமாறும், உன் மகள் ஏமாறமாட்டாள்.

ஜான்கி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்துதான் ஒரு உண்மை வெளியே வந்தது. உங்களுக்கு விசா இழுத்தடித்துக்கொண்டிருந்த சமயத்தில், மாரியம்மனிடம் போய், விசா வந்தால் தம்பிக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. விசா வந்தது, எட்டாம் நாள் நீ முடியோடு பிளேன் ஏறிவிட்டாய்.

"அம்மனுக்கு வரவேண்டிய முடி பாக்கி இருக்கு. அதான் தம்பி விட்டுட்டுப் போன குருவி மேலயே வளத்துக் காட்டுறா," என்றாள்.

"உன் தம்பி தலையில இருக்கறதே நாப்பது முடி. அதக் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டதே அம்மனை ஏமாத்துற வேலை," என்றேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் உடனே சட்டை மாட்டிக்கொண்டேன்.

தேங்காய், கற்பூரம், என் மீசைக் கத்தரி, சர்க்கரை மில் கேண்டீனிலிருந்து வாங்கிய ஓட்டைபோட்ட அட்டைப்பெட்டிக்குள் சாமியார். கோயிலில் பூசாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார்.

"நாப்பது வருஷமா இங்க இருக்கேன் பாலசுப்பிரமணி. ஆடு கொண்டுவந்திருக்காங்க, சேவல் கொண்டுவந்திருக்காங்க, எல்லாம் உட்டுட்டுப் போறதுக்கு. முடி எறக்கிட்டு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு சேவலும் வந்ததில்ல."

"இது தேவேந்திராவுக்குப் பதிலா வந்திருக்கு சாமி," என்றாள் ஜான்கி.

பூசாரி மூன்றாம் தடவை பெட்டியைத் திறந்தார். "சாடை இருக்கு," என்றார்.

கத்தி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார், கத்தரியால் மூன்று இடத்தில் வெட்டிச் சந்தனம் தடவினார். சாமியார் சந்தனத்தையும் தின்றது. வீட்டுக்கு வந்தோம். நாலு நாளில் வெட்டிய இடமெல்லாம் எங்கே என்று தெரியவில்லை. "அம்மன் ஒத்துக்கல," என்று ஜான்கி அழ ஆரம்பிக்க, அப்பல்சாமி சொன்ன சனிக்கிழமைக்கு ஒரே நாள் பாக்கி இருக்க, லௌட்டோகாவில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ராகவேந்திரன் என்கிற மிருக டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, அதே அட்டைப்பெட்டியோடு வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினோம். வழியில் சோதனை. ஒரு பிஜிக்காரச் சிப்பாய், கரும்பு லாரி அகலத்துக்கு இருப்பான், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறி எல்லார் பையையும் பார்த்துக்கொண்டே வந்தான். பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன்.

"ஈ கா ச்சீஜ் ஹை?" இது என்ன சாமான் என்று கேட்கிறான், நம்மைவிட நல்ல இந்தியில்.

"பட்ஜி, சார்."

"பட்ஜியா? தலை எங்கே?"

"அது அதற்கே தெரியாது சார், அதைக் கேட்கத்தான் டாக்டரிடம் போகிறோம்."

அவன் ஒரு விரலை உள்ளே விட்டான். சாமியார் விரலைச் சாப்பாடு என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது. மனிதன் சிரித்தான் பார், பஸ்ஸே குலுங்கிவிட்டது. கீழே நின்ற இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். தன் தாத்தாவின் போட்டோவிலும் முடி இப்படித்தான் இருக்கும் என்றான். மற்றவர்கள் பையை ஒருத்தரும் அதற்கப்புறம் திறக்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்ததும் ஐந்து மாதமாக உறைந்துபோய் உட்காரும் உன் அக்காள் அன்றைக்கு, "ஜாஸ்தி தொடாத தம்பி, தூங்கற நேரம்," என்று அவனுக்கே புத்தி சொன்னாள்.

டாக்டர் சின்ன வயசு. பெட்டியைப் பார்த்ததும், "அடடா, புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்," என்று சந்தோஷப்பட்டார். டாக்டர் சந்தோஷப்பட்டால் நமக்குப் பயம்தானே. ஜான்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நோயில்லைம்மா. பிறவியிலேயே வருவது. தாய் தகப்பன் இரண்டு பேர் ரத்தத்திலும் ஒளிந்திருந்து, நாலில் ஒரு குஞ்சுக்கு இப்படி வரும். இறகு வளருவது நிற்காது."

"பக்கத்துக் கூண்டுக்கு ஒட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒட்டவே ஒட்டாது."

ஜான்கி அழுதாள். நாடி ஏர்போர்ட்டில் உங்களை அனுப்பிய அன்றைக்கு அழாதவள், இங்கே உட்கார்ந்து ஒரு பெட்டி டிஷ்யூவைத் தீர்த்தாள்.

ஒன்றை மறைக்கமாட்டேன். இந்த மாதிரிப் பட்ஜிக்கு ஆயுசு கம்மியாம். ஒரு வருஷம் இருந்தால் பெரிசு என்றார். கண்ணுக்கு மேலேயும் வாலுக்குக் கீழேயும் வெட்டிவிட்டு, கேட்கும்போதெல்லாம் தீனி வைக்கச் சொன்னார். "எங்கிட்ட இருக்கறவரைக்கும் ராசாவா இருக்கட்டும்," என்றாள் ஜான்கி. இதைத்தான் வினீதாவுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கவரில் இருக்கும் போட்டோ அசல். பழைய வைக்கோல் என்று நினைத்து எறிந்துவிடாதே.

டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை அப்பல்சாமியிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் இருக்காதுன்னு," என்றான். கடைசியாக டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன ஒரு விஷயம், இந்தத் தாயையும் தகப்பனையும் இனிமேல் ஒரே கூண்டில் விடக்கூடாது. திரும்பி வந்த அன்று சாயங்காலமே இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக வைத்துவிட்டேன். அந்தக் கவலையும் விட்டது. இரண்டு வாரமாக வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிறேன்.

உன் வீடு குளிர்ச்சியாகவும், உன் வேலை நிலையாகவும், உன் நாற்பது முடியும் இருக்கிற இடத்திலேயே இருக்க நம் அம்மன் காக்கட்டும். சுமித்ராவுக்கு என் அன்பு, வினீதாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
பாலசுப்பிரமணி

பின் குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஜான்கி இப்போதுதான் கூண்டுகளைக் கழுவி முடித்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் பிரித்து வைத்தது ஆக்லண்ட் ஜோடியை. அதிலும் உன் ஜோடி மாதிரியே ஆண் நீலம், பெண் பச்சை. உன் ஜோடி ஒன்றாகத்தான் இருக்கிறது. எட்டு முட்டை.