சைரனின் சுற்றளவு

இடுப்பைச் சுற்றிப் பிடித்த டேப் நூற்றுப் பதினெட்டைக் காட்டியது. எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்தான்.

"எவ்வளவுய்யா?" என்று தலைக்கு மேலே ஒரு குரல் இடித்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் அந்தத் தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி. பட்டப்பெயர் 'சைரன்'. வண்டியில் இருக்கிற சைரன் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, இவரை முன்சீட்டில் உட்கார வைத்தால் நாலு தெரு வழிவிடும் என்று நிலையத்தில் சொல்வார்கள். அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள். எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் அவர் சைரனை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. ஷூவைப் பார்த்திருக்கிறார். அந்த ஷூ எந்த மாதம் அடி தேய்ந்தது, எப்போது கயிறு மாற்றினார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

"சட்டைக்கு மேல அளந்ததால கொஞ்சம் கூடக் காட்டுது சார்," என்றார் எழுத்தர், ஷூவைப் பார்த்து. "வெறும் உடம்புல அளக்கணும்னு தாள்ல போட்டிருக்கு..."

"யாரைச் சட்டையைக் கழட்டச் சொல்ற?"

"ஐயையோ, நான் சொல்லல சார். தாள்தான் சொல்லுது. தாளுக்கு என்ன சார் தெரியும்!"

"டேப்பை இறுக்காத. கையை மேல வைக்காத. உள்ளது உள்ளபடி எழுது. எனக்குப் பயந்து ஒரு புள்ளி குறைச்சேன்னு தெரிஞ்சுது, தொலைச்சிடுவேன்!"

எழுத்தர் நேற்றுப் பிறந்த குழந்தையா, இது புரியாமல் போக? விருந்தாளி 'போதும், போதும்' என்றால் இன்னொரு கரண்டி போட வேண்டும். மேலதிகாரி 'உள்ளது உள்ளபடி எழுது' என்றால் அவருக்கு எது நல்லதோ அதை எழுத வேண்டும். கழுத்து நாற்பது, உயரம் நூற்றெழுபது என்று மீதி இரண்டையும் குறித்துக்கொண்டு மாடியிலிருந்த தன் அறைக்கு ஓடினார். சைரன் அங்கே வரமாட்டார் என்பது ஒன்றுதான் அந்த உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்த நிம்மதி. மாடிப்படி ஏறுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாரோ என்னவோ, எதுவானாலும் கீழேயே நின்று கத்துவார்.

விஷயம் இதுதான். தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொருவருடைய கழுத்தையும் இடுப்பையும் உயரத்தையும் டேப்பால் அளந்து கம்ப்யூட்டரில் போட்டால், உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இருபத்தாறைத் தாண்டியவருக்கு இனி ஏணியும் கிடையாது, வண்டியும் கிடையாது. தலைமையகத்தில் மேசை வேலை. அளவில் சந்தேகம் இருந்தால் தலைமையக டாக்டர் நேரில் வந்து சட்டையைக் கழற்றி அளப்பார். மேசை வேலை என்றதும் நிலையமே கதிகலங்கிப் போயிருந்தது. பாதிப் பேர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்தர் மூன்று எண்களையும் தட்டினார். 'முப்பத்தேழு' என்றது கம்ப்யூட்டர்.

சைரனை மேசைக்கு அனுப்பியது யார்? டேப் பிடித்தவன். போகிற சைரன் சும்மா போவாரா? கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தார். தொண்ணூற்றாறு என்று போட்டபோது இருபத்துநாலு வந்தது. தேர்ச்சி! எழுதி, அனுப்பி, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. தேர்ச்சி பெற்ற அதிகாரிகள் எல்லாரும் ஆய்வு நாளன்று ஏணி வண்டியில் முப்பது அடி ஏறிக் காட்ட வேண்டுமாம்.

கீழேயிருந்து அழைப்பு வந்தது. எழுத்தர் போய் ஷூவின் முன்னால் நின்றார். ஷூ லேசாக ஆடியது. கோபத்தில் ஆடுகிறது என்று நினைத்து இவருக்கும் ஆட்டம் எடுத்தது.

"இடுப்பு எவ்வளவுன்னு எழுதின?"

"அ... அளந்ததைத்தான் சார்."

"சரியாத்தான் அளந்தியா?"

"உங்க உடம்புவாகு அப்படி சார். பார்த்தாத் தெரியாது, அளந்தாத்தான் தெரியும்."

சைரன் வாயிலிருந்து அடுத்து வந்ததுபோல் ஒரு தணிந்த குரலை எழுத்தர் கேட்டதே இல்லை. அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

"மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்டா என்னய்யா?"

"கேட்டா டாக்டர் வந்துருவார் சார். சட்டையைக் கழட்டி..."

"வேண்டாம்! வேண்டாம்!" என்றது குரல். எழுத்தரும் மனசுக்குள் அதையேதான் சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர் இடுப்பைத் தூக்கிக்கொண்டு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் முப்பது அடி ஏறினால் என்ன ஆகும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். கொன்றது யார்? இந்தக் கைதான். எழுத்தர் தன் கையைப் பார்த்தார். அது தட்டில் அசையாமல் கிடந்தது.

"தப்பா எழுதிட்டேன், திருத்திக்கிறேன்னு ஒரு கடுதாசி போட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி. டேப்பே அவளுடையதுதான். தையல் மிஷினிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர் திருப்பித் தரவில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல்.

"இடுப்புல கை வைக்க முடியாதுடி. அந்த அளவுக்குத்தான் அவருக்குப் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்காங்க. மாத்தினா ஏன், எதுக்குன்னு தோண்டுவாங்க."

"அப்போ கழுத்தைக் கூட்டுங்க. கழுத்து தடிச்சிருந்தா கொழுப்பு ஜாஸ்தின்னுதானே அர்த்தம்? எங்க மாமாவைப் பாருங்க, தலைக்கும் தோளுக்கும் நடுவுல என்ன இருக்குன்னே தெரியாது."

எழுத்தருக்கு உயிர் வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக, 'கழுத்து நாற்பது என்பது கைப்பிழை, நாற்பத்தைந்து என்று திருத்தி வாசிக்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பதில் நாலே நாளில் வந்தது. 'திருத்திய கணக்கின்படி தங்கள் அதிகாரியின் கொழுப்பு இருபத்தொரு சதவீதம். ஐம்பதைக் கடந்த அதிகாரிகளில் இவரே முதலிடம். ஆகவே ஆய்வு நாளன்று முழு உயரமும், அதாவது நூறு அடியும், இவரே முதலில் ஏறித் தொடங்கி வைப்பார். மனமார்ந்த பாராட்டுகள்.'

எழுத்தர் கடிதத்தோடு கொட்டகைக்கு ஓடினார். ஏணி வண்டி டிரைவர் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையத்தில் எதையும் சொல்லி அழ ஏற்ற ஆள் அவர் ஒருவர்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணீங்க! இடுப்புலேருந்து கழுத்தைக் கழிச்சுத்தான் அந்தக் கணக்கே. கழுத்து பெருத்தா கொழுப்பு குறையும். ஓடுற பசங்க எல்லாம் கழுத்துக்கு ஏன் தண்டால் எடுக்குறானுங்கன்னு நினைச்சீங்க? முப்பத்தஞ்சுன்னு எழுதியிருந்தா இருபத்தேழு வந்து ஆள் தப்பிச்சிருப்பாரே!"

எழுத்தர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பார்களே, இவர் பிடித்த குரங்கு நூறு அடி உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

"தம்பி, உன் காலைப் பிடிக்கிறேன். அன்னிக்கு வண்டி ரிப்பேர்னு சொல்லிடு. ஏணி நீளலைன்னு சொல்லு. ஒரு உயிரைக் காப்பாத்தின புண்ணியம் உனக்கு."

டிரைவர் நல்ல மனுஷர். சொன்னார். எழுத்து மூலமாகவே சொன்னார். தலைமையகமும் நல்ல தலைமையகம். 'கவலை வேண்டாம். சாதனை அதிகாரிக்கு ஏற்றபடி, புதிதாக வாங்கிய நூற்றைம்பது அடி ஏணி வண்டியை அனுப்புகிறோம்' என்று பதில் வந்தது.

ஆய்வு நாள் வந்தே விட்டது. மைதானத்தில் நாற்காலி போட்டு உயரதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் சைரனின் மனைவி, மடியில் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது வண்டி, ஏணியை விரித்துக்கொண்டே போனது. எழுத்தர் அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்ததே தவிர ஏணியின் நுனி தெரியவில்லை.

சைரன் வெளியே வந்தார். எழுத்தர் வழக்கம்போல ஷூவைப் பார்த்தார். ஷூ பின்னிப் பின்னி நடந்தது. சாகப்போகிறவரை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று, ஆறு வருடத்தில் முதல் முறையாக நிமிர்ந்தார்.

புதுக் கோட்டின் பொத்தான்கள் அத்தனையும் போட்டிருந்தன. தொண்ணூற்றாறுக்குத் தைத்த கோட்டு, அளவெடுத்தாற்போல் பொருந்தியிருந்தது. நூற்றுப் பதினெட்டு எங்கே போனது? ஒரே மாசத்தில் கவலையிலேயே மனுஷர் கரைந்து போயிருக்கிறார்! முகத்தில் சொட்டு ரத்தமில்லை. அந்தச் சிங்கக் குரலிலிருந்து, "கயித்தை விட்டுடாதீங்கப்பா" என்று ஒரு முனகல்தான் வந்தது. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டி, கீழே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு படி. இரண்டு படி. ஆறாவது படியில் சைரன் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ஏணியைக் கட்டிப் பிடித்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

எழுத்தரால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், ஜெயிலுக்கே அனுப்பினாலும் அனுப்பட்டும். முன்வரிசைக்கு ஓடிப் போய் அந்த அம்மாளின் நாற்காலி முன்னால் பொத்தென்று விழுந்தார்.

"அம்மா! உங்க குடும்பத்தைக் கெடுத்த பாவி நான்தான்மா! நிறுத்தச் சொல்லுங்க! சாருக்கு இடுப்பு நூத்திப் பதினெட்டு. மேசை வேலை போட்டா என்னைச் சும்மா விடமாட்டாரேன்னு பயந்துபோய், தொண்ணூத்தாறுன்னு நான்தான் பொய்யா எழுதிட்டேன்!"

அந்த அம்மாள் ஏணியையும் காலடியில் கிடந்த எழுத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு கைப்பையைத் திறந்தார். புருஷனுக்கு விபூதி எடுக்கிறாரோ, தலைவலி மாத்திரை எடுக்கிறாரோ என்று எழுத்தர் பார்த்தார். அவர் எடுத்தது கைக்குட்டையைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதினது பொய்யில்ல தம்பி, அவருக்கு இடுப்பு தொண்ணூத்தாறேதான், ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டக்கூட நடுங்குற மனுஷன், எப்படியாவது மேசை வேலைக்குப் போய்ப் பிழைச்சுக்கட்டும்னு, மீதி இருபத்திரண்டுக்கும் நான்தான் தலகாணி வெச்சுக் கட்டி அனுப்பினேன்!"